கையோடு வருகிற கணினி

பாரிஸில் குசினி வேலை செய்பவனுக்கு நாள் இரண்டாக உடைந்துதான் கிடைக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, நிலம் துடைத்து வெளியே வர மூன்று மணியாகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்குத் திரும்பவும் அடுப்படியில் நிற்க வேண்டும். நடுவில் கிடைக்கும் அந்த நேரத்தை நாங்கள் கூப்யூர் என்போம். லாக்கூர்னெவ்விலும் சார்செல்லிலும் குடியிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்வர நினைத்தால் அது ரயிலிலேயே கரைந்துவிடும். ஆகவே பலர் எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வருவார்கள். தேநீர், நாலு பேரோடு கதை, ஊருக்கு ஒரு தொலைபேசி, வீட்டுக்கு முருங்கைக்காய் என்று பொழுது போகும்.

நான் மென்பொருள் எழுதக் கற்றது அந்த இடைவெளியில்தான். அது சாத்தியமானதற்கு முதல் காரணம், பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய, விலை குறைந்த, 1.2 கிலோ எடையுள்ள ஒரு பழைய லாப்டொப். விலை கூடின இயந்திரம் இருந்தால்தான் இந்தத் தொழிலுக்குள் வரலாம் என்றொரு நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையாலேயே தொடங்காமல் நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் படிக்கப் போகிறேன் என்றதும் என்னோடு வேலை செய்த ஓர் அண்ணை சொன்னார்: "கொம்பியூட்டர் படிக்கிறதெண்டால் ஆயிரத்தைந்நூறு யூரோவில ஒண்டு வாங்கவேணும் தம்பி. இல்லாட்டி ஒரு பிரயோசனமும் இல்லை." என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அது என் ஒரு மாதச் சம்பளம். அறை வாடகை, சீட்டுக்காசு, அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போக அவ்வளவு சேர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். சேர்த்து முடிக்கும்போது படிக்கும் ஆசை இருக்குமா என்பதுதான் தெரியாது.

ஆகவே 150 யூரோவுக்குள் ஒன்றைத் தேடினேன். பழைய கணினிகளைத் திருத்திப் புதுப்பித்து விற்பது பிரான்ஸில் பெரிய வியாபாரம். 2014இல் பாரிஸில் தொடங்கிய பாக் மார்க்கெட் இன்று பல நாடுகளில் அதைத்தான் செய்கிறது. நான் வாங்கியதில் 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி நினைவகம். மூடியில் கீறல்கள். விசைப்பலகை மட்டும் நன்றாக இருந்தது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன்.

ரூ பஜோலில், 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கும் அதே தெருப்பக்கம், பழைய ரயில் சரக்கு மண்டபம் ஒன்றைப் புதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் 2013இல் திறந்த வாட்ஸ்லாவ் ஹாவெல் நூலகம் இருக்கிறது. உள்ளே போய் இருப்பதற்குக் காசில்லை, அடையாள அட்டை காட்டத் தேவையில்லை, வைஃபையும் இலவசம். குளிர்காலத்தில் சூடும் உண்டு. லாச்சப்பல் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். வீட்டில் பெரிய கணினி ஒன்று இருந்திருந்தால், இரவு வேலை முடிந்து கடைசி ரயிலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் கண் திறந்திருக்காது. பையில் இருந்த சின்னக் கணினியோ பகல் மூன்றரை மணிக்கு, தலை தெளிவாக இருக்கும்போது திறந்தது. எனக்கு வேகத்தைவிட எடைதான் முக்கியமாக இருந்தது. நான் இருக்கும் இடத்தில் அது இருந்தது.

பிரெஞ்சு விசைப்பலகையில் நிரல் எழுதுவது ஒரு தனிப் பழக்கம். எண் ஒன்று தட்ட ஷிப்ட் அழுத்த வேண்டும். முற்றுப்புள்ளிக்கும் ஷிப்ட்தான். சதுர அடைப்புக்குறியும் நெளி அடைப்புக்குறியும் வலப்பக்க ஆல்ட்-ஜிஆர் விசையைப் பிடித்துக்கொண்டு மேல்வரிசையில் தேட வேண்டியவை. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களின் பெருவிரல் நோகும். ஆனால் வட்ட அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, அடிக்கோடு, மேற்கோள்குறி, சமக்குறி எல்லாம் ஷிப்ட் இல்லாமலே விழும். நான் பழகிய பைத்தன் மொழியில் கனக்க வருவது இவைதான். விம் என்ற தொகுப்பானில் அடிக்கடி தேவைப்படும் முக்காற்புள்ளியும் நேரே விழுகிறது. இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் காணவில்லை. மலிவான இயந்திரத்தில் வருகிற விசைப்பலகை எதுவோ அதோடுதான் பழக வேண்டியிருந்தது, பழகிய பிறகு விரல்கள் அதை மறக்கவில்லை.

4 ஜிபி நினைவகத்தில் என்ன முடியும் என்பதையும் அது கற்றுத் தந்தது. உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்தால் இயந்திரம் திணறும். ஆகவே பைத்தனின் முழுக் கையேட்டையும் இறக்கி வைத்துக்கொண்டேன். தேவையானதை அதிலேயே தேடி, முழுதாக வாசித்தேன். ஒரு பக்கத்தை விட்டு இன்னொரு பக்கத்துக்குத் தாவுவது குறைந்தது. லாச்சப்பலின் பழைய கட்டிடங்களில் குசினி குறுகலாக இருக்கும். அங்கே சமைக்கிறவன் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கை எட்டும் தூரத்தில் வைத்திருப்பான். என் திரையும் அப்படித்தான் ஆனது: ஒரு பக்கம் நிரல், ஒரு பக்கம் அது ஓடுகிற முனையம், வேறொன்றுமில்லை.

பிறகு வரலாற்றை வாசித்தபோது மனதுக்குத் தைரியம் வந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தொம்சன், லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் வடிவத்தை எழுதியது பிடிபி-7 என்ற இயந்திரத்தில். அதன் நினைவகம் 18 பிட் அளவுள்ள 8 ஆயிரம் சொற்கள்தான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கிய கணினியில் இருந்தது 4 எம்பி. என் கீறல் விழுந்த லாப்டொப்பில் அதைப்போல ஆயிரம் மடங்கு இருந்தது. விம்முக்கு முன்னோடியான விஐயை 1976இல் பில் ஜோய் எழுதினார். ஒரு வரியில் 80 எழுத்துகள் மட்டும் தெரியும் முனையங்களும், மிக மெதுவான தொலைபேசி இணைப்பும் இருந்த காலம் அது. குறைந்த வசதிக்காகக் கட்டப்பட்ட கருவி என்பதால்தான் இன்றைக்கும் அது என்னுடையதைப் போன்ற கணினியில் தடையில்லாமல் ஓடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கம் இருந்தது. நான் சேர்ந்திருந்த சனிக்கிழமை நிரல் வகுப்பில் மற்றவர்கள் மேசையில் வைத்த கணினிகள் மெல்லியவை, பளபளப்பானவை. என்னுடையதை நான் கடைசியாகத்தான் வெளியே எடுப்பேன். வகுப்பு முடிந்தால் முதலில் பைக்குள் போவதும் அதுதான். கணினியின் கீறல் அல்ல என் வெட்கத்தின் வேர். வெங்காயம் நறுக்கிய மணம் போகாத கையோடு நான் இங்கே இருக்கலாமா என்ற பயம் அது. என் பிரெஞ்சு, என் வயது, என் விசா அட்டை எல்லாம் அந்தச் சின்னத் திரையில் தெரிகிறது என்று நினைத்தேன்.

வகுப்பில் திருநெல்வேலியிலிருந்து மேற்படிப்புக்கு வந்த ஒரு பிள்ளை இருந்தாள். ஒருநாள் என் கணினியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் நிரல் எழுதிப் பழகினது கவர்மென்ட் குடுத்த லேப்டாப்லதான்" என்றாள். தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது அது. வீட்டில் வேறு கணினி இல்லை. அப்பா அச்சகத்தில் வேலை. அவள் அதைப் பெருமையாகவே சொன்னாள். அதன் பிறகு நானும் என்னுடையதை மேசையின் நடுவில் வைக்கத் தொடங்கினேன். எங்கள் பயிற்சிகளைத் திருத்தியது தொலைவில் உள்ள ஒரு சர்வர். நிரலை அனுப்பினால் சோதனைகளை ஓட்டிச் சரியா பிழையா என்று சொல்லும். எந்த விலைக் கணினியில் எழுதினாய் என்று அது கேட்பதில்லை.

பாரமான வேலைக்கும் வழி உண்டு. மாதம் சில யூரோவுக்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். 1999இல் வட பிரான்ஸின் ரூபே நகரில் தொடங்கிய ஓவிஎச் போன்ற நிறுவனங்கள் அதைத் தருகின்றன. லாப்டொப்பிலிருந்து எஸ்எஸ்எச் என்ற இணைப்பு முறை மூலம் நுழைந்தால், கணக்குப் போடுவதும் சேமிப்பதும் அங்கே நடக்கும். இங்கே எழுத்து மட்டும் வந்து போகும். மெட்ரோவின் இரண்டாவது வழித்தடம் லாச்சப்பல் பக்கம் 1903 முதல் மேம்பாலத்தில் ஓடுகிறது. பார்பேஸிலிருந்து ஜோரேஸ் வரை ஜன்னலில் வானம் தெரியும், தொலைபேசியில் இணைப்பும் இருக்கும். சுரங்கத்துக்குள் இணைப்பு அறுந்தால் எஸ்எஸ்எச் உறைந்துவிடும். அதற்கு 2012இல் எம்ஐடியில் உருவான மோஷ் என்ற கருவி உதவியது. இணைப்பு போய் வந்தாலும், வேறு வலையமைப்புக்கு மாறினாலும், விட்ட இடத்தில் அது பிடித்துக்கொள்கிறது. ரயில் பயணமும் எனக்குப் படிக்கும் நேரமானது.

இந்தக் கணினியின் உண்மையான பெறுமதி எனக்கு விளங்கியது ஒரு கடையில்தான். லாச்சப்பலில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணை, நான் இப்படி ஏதோ செய்கிறேன் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். ஊரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிற பொருட்களுக்குப் பிரெஞ்சில் லேபல் ஒட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 என்ற விதி 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கள் சமையலில் இல்லாத நாளில்லை என்று சொல்லக்கூடிய கடுகும் எள்ளும் அந்த 14இல் இருக்கின்றன. அண்ணை ஒவ்வொன்றையும் கையால் தட்டி அச்செடுத்துக்கொண்டிருந்தார். முன்பு யாரோ விற்ற மென்பொருள் ஒன்று இருந்தது. கடைக் கணினியில் அது திறக்கவே அத்தனை நேரம் எடுத்ததால் கைவிட்டிருந்தார்.

"தம்பி, இந்தப் பெட்டியில ஓடுமோ? புதுசு ஒண்டு வாங்க இப்ப ஏலாது" என்றார். அந்தப் பெட்டியில் 2 ஜிபி நினைவகம். என்னுடையதைவிடப் பழையது.

முதல் சிக்கல் எழுத்தில் வந்தது. கடையின் பொருட்பட்டியல் முழுவதும் பாமினி எழுத்துருவில் இருந்தது. புலம்பெயர்ந்த எங்கள் கடைகள், அச்சகங்கள், பத்திரிகைகள் எத்தனையோ ஆண்டுகளாகப் பாவித்த எழுத்துரு அது. அதில் 'தமிழ்' என்று எழுதியதை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் மிஞ்சும். பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்ற ஒவ்வொன்றுக்கும் இணை எழுத்தைப் போட்டால் போதாது, வரிசையும் மாற வேண்டும். கொத்தமல்லியை எடுங்கள். பாமினியில் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு 'க', பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் முதலில் 'க', அதன் பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. ஆக, கொம்பைக் கண்டால் நிரல் பொறுத்திருந்து, அடுத்த மெய்யையும் அதற்குப் பின்னால் கால் வருகிறதா என்பதையும் பார்த்து, மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். கால் வராவிட்டால் அது 'கெ', வந்தால் 'கொ'.

இரண்டாவது சிக்கல் அச்சில். லேபல் அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை அப்படியே அனுப்பினால் கட்டங்கள்தான் விழும். ஆகவே தமிழைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அதற்குப் பலர் செய்வது, உலாவி ஒன்றை மறைவில் ஓட்டி அதைக் கொண்டு வரைவது. சுலபமான வழிதான், ஆனால் ஒரு சின்ன ஸ்டிக்கருக்காக நூற்றுக்கணக்கான எம்பி நினைவகத்தை அது பிடித்துக்கொள்ளும். என் கணினியில் அதைச் செய்து பார்க்கும் ஆசையே எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக பாங்கோ என்ற நிரல் நூலகத்தை எடுத்தேன். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் அதற்குள் வேலை செய்கிறது. கொம்பை 'க'வின் முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாக வைத்துத் தருவது அதுதான். பொருட்பட்டியலை எஸ்கியூலைட்டில் வைத்தேன். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அண்ணைக்கு அதைப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுப்பதும் இலகு.

பெயரைத் தட்டத் தட்டப் பொருட்பட்டியல் சுருங்கி வர வேண்டும். அது என் கணினியில் தயங்கித் தயங்கி வந்தது. அதே நிரலை ஒரு நண்பனின் புதுக் கணினியில் ஓட்டினோம். தயக்கமே தெரியவில்லை. அந்த இயந்திரத்தில் எழுதியிருந்தால் வேலை முடிந்தது என்று எழும்பியிருப்பேன். என்னுடையதில் எழுதியதால் காரணத்தைத் தேடினேன். ஒவ்வொரு விசைக்கும் தரவுத்தளம் முழு அட்டவணையையும் வாசித்துக்கொண்டிருந்தது. பொருட்பெயருக்கு ஒரு சுட்டியை (இன்டெக்ஸ்) உண்டாக்கியதும் பட்டியல் விரலோடு வந்தது. கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டபோது அந்த 2 ஜிபி பெட்டியிலும் அப்படியே வந்தது. அண்ணை முதலில் அச்செடுத்தது கொத்தமல்லி. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருந்தன, கீழே பிரெஞ்சு, அதற்குக் கீழே எடை. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பொருளைத் தட்டினார்.

அன்று எனக்கு உறுதியானது இதுதான்: பாவிக்கிறவனிடம் இருக்கும் கணினியைப் போன்ற ஒன்றில் எழுதுகிறவனுக்கு, பாவிக்கிறவனின் கஷ்டம் எழுதும்போதே தெரிந்துவிடுகிறது. உலகில் பெரும்பாலான கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இருப்பது விலை கூடின இயந்திரங்கள் இல்லை. அங்கே ஓடாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே உள்ளவர்களுக்கு அது இல்லாததுதான்.

எல்லா வேலைக்கும் இது போதும் என்று சொல்லமாட்டேன். கைபேசிச் செயலி எழுத ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ குறைந்தது 8 ஜிபி கேட்கும், அதிலும் திக்குமுக்காடும். ஐபோனுக்கு எழுத மாக் வேண்டும். முப்பரிமாண விளையாட்டுகள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பது, காணொளி வேலை ஆகியவற்றுக்கு வேறு இயந்திரம் தேவை. சின்னத் திரையில் நீண்ட நேரம் பார்த்தால் கழுத்து நோகும். நானும் பிறகு வீட்டில் ஒரு பழைய பெரிய திரையை வாங்கி இணைத்துக்கொண்டேன். ஆனால் இவை எல்லாம் இரண்டாவது, மூன்றாவது ஆண்டில் வருகிற தேவைகள். முதல் ஆண்டில் கற்க வேண்டிய பைத்தன், தரவுத்தளம், கிட், இணையப் பக்கங்கள், லினக்ஸ் முனையம் எல்லாவற்றுக்கும் சின்னக் கணினி தாராளமாகப் போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். முடிந்தால் 8 ஜிபி நினைவகம் பாருங்கள், 4 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். எஸ்எஸ்டி இருக்க வேண்டும், சுழலும் வட்டு வேண்டாம். விசைப்பலகையைக் கையால் தட்டிப் பார்த்து வாங்குங்கள், திரையின் கீறலைப் பார்க்காதீர்கள். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் நீங்கள் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல கணினிகள் கனக்க மலிவாக விலைக்கு வருகின்றன. அவற்றில் லினக்ஸ் சுகமாக ஓடும். குரோம்புக் வாங்கினால் அதற்கு இற்றைப்படுத்தல் எந்த ஆண்டுவரை வரும் என்று பார்த்து வாங்குங்கள். 2021 முதல் வெளிவந்தவற்றுக்கு 10 ஆண்டுகள் தருவதாகக் கூகுள் 2023இல் அறிவித்திருக்கிறது.

மிச்சப்படும் காசைப் படிப்புக்கு வையுங்கள். பிரான்ஸில் சம்பளத்துக்கு வேலை செய்கிற எல்லோருக்கும் சேபேஎஃப் என்ற பயிற்சிக் கணக்கு இருக்கிறது. முழுநேர வேலைக்காரருக்கு அதில் ஆண்டுக்கு 500 யூரோ சேரும். குசினியில் நிற்கிற எங்கள் ஆட்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் காசில் கணினி வாங்க முடியாது, பயிற்சி வகுப்புக்குப் போகலாம். முழுநேரமாகப் படிக்க முடிந்தவர்களுக்கு, 2013இல் பாரிஸில் தொடங்கிய 42 என்ற பள்ளி கட்டணம் வாங்குவதில்லை, சான்றிதழ் கேட்பதுமில்லை. கணினிகள் அங்கேயே இருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை நிரல் எழுதப் பழக வேண்டும் என்று கேட்டால், பெரிய கணினிக்குக் காசு சேரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். லாச்சப்பல் கடைகளில் கணக்கு, லேபல், கடிதம், மொழிபெயர்ப்பு என்று தமிழ் தெரிந்தவன் எழுத வேண்டிய மென்பொருள் இன்னும் நிறைய இருக்கிறது. அவற்றை வேறு யாரும் வந்து எங்களுக்காக எழுதப்போவதில்லை. 150 யூரோவுக்கு ஒன்றை வாங்கிக் கொடுங்கள், நூலகத்துக்கு வழி காட்டுங்கள். இந்த மாதமே தொடங்கட்டும்.